கோர்வை நெய்யத் தெரிந்தவருக்கு முதுகலை எதற்கு?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயது 27. நெசவாளர் வீடு, கூடத்திலேயே குழித்தறி. பள்ளிக்கூட நாட்களில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா, அதாவது புடவைக் கரைக்கான ஊடை (குறுக்கு) நூலைக் கொண்டுபோகும் ஓடம், போட்டவர். பி.காம். முடித்த பிறகு நான்கு வருடம் முழுநேரமாகத் தறியில் நெய்திருக்கிறார். ஒன்றரை வருடமாக ஒரு பட்டுப்புடவை நிறுவனத்தில் கம்ப்யூட்டரில் கிராஃப், அதாவது தறிக்கான டிசைனைக் கட்டம் கட்டமாக, போடும் வேலை, மாதம் 18,000 ரூபாய் சம்பளம். வடிவமைப்பும் கைவினையும் சேர்ந்த, செய்முறையை அடிப்படையாகக் கொண்ட முதுகலைப் படிப்பு ஒன்றில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. "டிசைன் டிகிரி இல்லாததால் இந்தியாவில் எங்கும் எடுக்கமாட்டார்கள். ஏஜென்ட் ஒருவர் லண்டனில் ஒரு வருடப் படிப்பு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எல்லாம் சேர்த்து 42 லட்சம் ஆகும். அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக வைத்திருக்கும் வீட்டின் பேரில் 40 லட்சம் கடன் வாங்கலாம் என்கிறார். செய்முறைப் படிப்பு என்பதால் எழுத்து வேலை இருக்காது, என் இங்கிலீஷே போதும் என்றும் சொல்கிறார். அப்பாவோ, 'தறியில உட்கார்ந்து கத்துக்காததை அங்க யாரு சொல்லித்தரப் போறாங்க?' என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். தாத்தா காலத்து டிசைன்களைப் படிப்பு முடிந்ததும் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள முடியுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நெசவு வடிவமைப்பு வகுப்புகளில் பல வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எந்த முதுகலை வகுப்பும் அவரைவிட நன்றாக உங்களுக்குக் கோர்வை, அதாவது வேறு நிறக் கரையை உடலோடு பூட்டி நெய்வதை, சொல்லித்தராது. மூன்று நாடா போட்டு, கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இடத்தில் பல் தெரியாமல் கொண்டுவருவது பத்து வருடக் கைப்பழக்கம். முந்தியின் நீள நூலை உடலின் நீள நூலோடு இணைக்கும் பெட்னி போடும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்கிறீர்களே, அதை ஒரு செமஸ்டரில் யாரும் கற்றுத்தர முடியாது. இன்னும் நன்றாக நெய்யக் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் போனால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

அப்படியென்றால் அங்கே என்னதான் நடக்கிறது? உங்களைப் போன்றவர்களுக்கு இதை யாருமே சரியாக விளக்குவதில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங், கலை, வடிவமைப்புத் துறைகளில் நடக்கும் ஆய்வை 1993இல் மூன்றாகப் பிரித்தார். கலையைப் பற்றிய ஆய்வு ஒன்று. காஞ்சிப் பட்டின் வரலாற்றை எழுதுவது இந்த வகை. கலைக்கான ஆய்வு இரண்டாவது. ஒரு புடவை நெய்வதற்கு முன் சாயமும் நூலும் தேடிச் சேர்ப்பது இதில் வரும். மூன்றாவது, கலையின் வழியாக நடக்கும் ஆய்வு. இங்கே நெய்வதேதான் யோசிக்கும் வழி. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்து, ஒரு மாதிரி நெய்து, அது ஏன் சரிவரவில்லை என்று எழுதிவைத்து, அடுத்த மாதிரியை நெய்வது. நீங்கள் சேர நினைக்கும் படிப்புக்கு அடிப்படை இந்த மூன்றாவது வகைதான்.

அதனால் இந்த வகுப்புகளில் பாடப் புத்தகம் குறைவு. உங்களுக்கென்று ஸ்டுடியோவில் ஓர் இடம் இருக்கும். வாரத்தில் சில நாட்கள் ஆசிரியரோடு தனியாகப் பேச்சு. சில வாரங்களுக்கு ஒருமுறை, செய்ததையெல்லாம் சுவரில் மாட்டிவைத்து, சக மாணவர்களும் ஆசிரியர்களும் சுற்றி நின்று கேள்வி கேட்கும் விமர்சன அமர்வு. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்ததையும் கெடுத்ததையும் பதிவு செய்யும் குறிப்பேடு. கடைசியில் ஒரு கண்காட்சியும் எழுத்து அறிக்கையும்.

அந்த விமர்சன அமர்வுதான் பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான இடம். என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார், உங்களைப் போலத் தறி வீட்டிலிருந்து வந்தவர். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் தட்டுத்தடுமாறி நெய்ததை ஒரே நாளில் முடித்துவிட்டார். அமர்வில் ஒருவர் "இதை ஏன் இப்படி நெய்தீர்கள்?" என்று கேட்டதும் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. "இப்படித்தான் நெய்வோம்" என்றார். அது பொய்யில்லை. ஆனால் அந்த "இப்படித்தான்" எங்கிருந்து வந்தது, எதை மாற்றினால் எது கெடும், எது கெடாது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிறகு அவர் செய்த வேலையை அந்த வகுப்பில் வேறு யாராலும் செய்ய முடியவில்லை. அப்பாவுக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் இதுதான்: "நெய்யறது உங்ககிட்ட கத்துக்கிட்டேன்ப்பா. ஏன் இப்படி நெய்யறோம்னு கேட்கறதுக்குத்தான் போறேன்."

உங்கள் கேள்வி உங்கள் தறியிலேயே இருக்கிறது

நல்ல கல்லூரி எதுவானாலும் நேர்முகத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேட்பார்கள்: எதைத் தேடி இங்கே வருகிறீர்கள்? "கைத்தறியைக் காப்பாற்ற வேண்டும்", "பாரம்பரியத்தை உலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்" என்றெல்லாம் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்ய இது பிடி கொடுக்காது.

நான்காவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "அம்மாவுக்குத் தோள் வலி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கோர்வை நெய்வதில்லை, சாதாக் கரைதான்" என்று. அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். கோர்வைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். அப்பா உடல் ஊடையைப் போட, பக்கத்தில் உட்கார்ந்தவர் கரை நாடாவை வாங்கிப் போட வேண்டும். உங்கள் வீட்டில் முதலில் அந்த ஆள் நீங்கள், பிறகு அம்மா. இப்போது ஆள் இல்லை, அதனால் கோர்வையும் இல்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படிக்கப் போனதும் துணைக்கு உட்கார ஆளில்லாமல் போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது நல்ல விஷயம். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு யாரும் மாற்று யோசிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஒரே ஆள் உட்கார்ந்து, தோளை வருத்தாமல், கோர்வையின் தன்மை கெடாமல் நெய்ய முடியுமா? கரையின் அகலத்தை மாற்றினால் என்ன ஆகும்? நாடாவின் எடையை, உட்காரும் உயரத்தை, கரை மாறும் வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? எந்த இடத்தில் அது கோர்வை என்ற பெயரை இழக்கிறது? இவற்றுக்கு நூலகத்தில் விடை கிடைக்காது. நெய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செய்முறை முதுகலைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வியை நான் பார்த்து நாளாகிறது. வெளியிலிருந்து வரும் மாணவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது, தோன்றினாலும் செய்து பார்க்கக் கை வராது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது.

நீங்கள் வேறு கேள்வியை எடுத்துக்கொண்டாலும் சரி. ஆனால் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பு இந்த அளவுக்குக் குறிப்பாக ஒன்று கையில் இருக்க வேண்டும்.

எழுத்து வேலை உண்டு

ஏஜென்ட் சொன்னது தவறு. செய்முறையை அடிப்படையாகக் கொண்டது என்றால் எழுத்தே இல்லாதது என்று பொருள் இல்லை. செய்த வேலையோடு ஓர் அறிக்கையும் வைக்க வேண்டும். என்ன கேட்டேன், இதற்கு முன் யார் என்ன செய்திருக்கிறார்கள், நான் என்ன முயன்றேன், எது தோற்றது, என்ன தெரிந்துகொண்டேன் என்று சில ஆயிரம் சொற்களில் எழுதியாக வேண்டும். பிரிட்டனில் சேருவதற்கே ஐஇஎல்டிஎஸ் போன்ற ஓர் இங்கிலீஷ் தேர்வில் அந்தக் கல்லூரி கேட்கும் மதிப்பெண் வேண்டியிருக்கும்.

ஆனால் இதற்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் ஆறு பக்கக் கடிதம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது தெரியுமா? யோசனை தெளிவாக இருப்பவருக்கு இங்கிலீஷ் கொஞ்ச நாளில் வந்துவிடும். முதலில் தமிழில் எழுதுங்கள். பாவு, ஊடை, அச்சு, விழுது, பெட்னி, ரேக்கு என்று உங்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பலவற்றுக்கு இங்கிலீஷில் நேர்ச்சொல் கிடையாது. அறிக்கையில் அவற்றை விளக்குவதே ஓர் ஆய்வுப் பங்களிப்பு.

இந்தியாவில் கதவு மூடவில்லை

டிசைன் பட்டம் இல்லாவிட்டால் இங்கே எடுக்கமாட்டார்கள் என்பது உண்மையில்லை. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், அதாவது என்ஐடி, எந்தப் பாடத்திலும் மூன்று வருடப் பட்டம் பெற்றவர்களை எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க விடுகிறது. நெசவு வடிவமைப்பு அங்கே தனிப் பிரிவு, படிப்பு இரண்டரை வருடம். முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் ஸ்டுடியோ தேர்வும் நேர்முகமும். முதல்நிலைத் தேர்வு பொதுவாக டிசம்பர், ஜனவரியில் வரும். இதற்கு வயது வரம்பு உண்டு. பொதுப் பிரிவுக்கு 30, ஓபிசி பிரிவுக்கு மூன்று வருடத் தளர்வு என்ற அளவில் இருந்துவருகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் ஓபிசி என்று செல்லாது. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற ஓபிசி சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்கு ஓடி வாய்ப்பை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பி.காம். படித்தவர்கள் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குச் சென்னை தரமணியிலேயே வளாகம் இருக்கிறது. ஐஐடிகளின் எம்.டெஸ். படிப்புக்கு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு உண்டு. மூன்று வருடப் பட்டத்தோடு அந்தத் தேர்வை எழுதலாம், ஆனால் ஐஐடி பம்பாய் போன்ற சில இடங்கள் சேர்க்கையின்போது பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற குறிப்பிட்ட பட்டங்களையே கேட்கும். தவிர அங்கே தறிக்குப் பெரிய இடமில்லை. உங்கள் கேள்விக்கு அது சரியான வீடு இல்லை என்பது என் கருத்து.

ஜெய்ப்பூரில் 1995இல் ராஜஸ்தான் அரசு தொடங்கிய கைவினை வடிவமைப்பு நிறுவனம் ஒன்று உண்டு, ஐஐசிடி. துணி போன்ற மென்மையான பொருட்கள், மரம், உலோகம் போன்ற கடினப் பொருட்கள், மண்ணைச் சுட்டுச் செய்பவை என்று பொருளை வைத்தே அங்கே பிரிவுகள். கைவினைதான் மையம் என்பதால் உங்களைப் போன்றவரை அங்கே வெளியாளாகப் பார்க்கமாட்டார்கள்.

பட்டம் தராத இன்னொரு வகைப் பள்ளியையும் சொல்ல வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில் ஆதிபூரில் இருக்கும் சோமையா கலா வித்யா, பரம்பரைக் கைவினைஞர்களுக்காகவே வடிவமைப்புப் படிப்பு நடத்துகிறது. மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வரில் இளம் நெசவாளர்களுக்கென்றே ஒரு கைத்தறிப் பள்ளி இருக்கிறது. பட்டம் முக்கியமில்லை, யோசிக்கும் முறைதான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் இவற்றையும் விசாரித்துப் பாருங்கள். நீங்கள் பின்னாளில் பாடம் எடுக்க ஆசைப்படுவதாக எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் பட்டம் தேவை என்றே நினைக்கிறேன்.

வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். 40 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டிக்குப் பத்து வருடத்தில் கட்ட வேண்டுமென்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இன்று உங்கள் சம்பளம் 18,000. படிப்பு முடித்துத் திரும்பும் ஒரு நெசவு வடிவமைப்பாளர் முதல் மாதத்திலிருந்தே 55,000 ரூபாயைத் தவணைக்கு எடுத்துவைக்கக்கூடிய வேலை காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கேயே வேலை பார்த்துக் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதைவிட முக்கியமானது, அந்த விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. அதாவது நீங்கள் நெய்ததை நீங்களே விற்றுச் சம்பாதிக்க முடியாது. கைவினைஞருக்கு இது எவ்வளவு பெரிய கட்டு என்று யோசித்துப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம் என்பதும் மாறிவிட்டது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். பெரும்பாலான ஏஜென்ட்டுகளுக்கு உங்களைச் சேர்த்துவிட்டதற்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வரும். அதை மனதில் வைத்து அவர் பேச்சைக் கேளுங்கள்.

அடமானம் என்றால் என்ன என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தவணை தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் நின்றுபோனால் வங்கி அதை வாராக் கடனாக வகைப்படுத்தும். அதன் பிறகு 2002இல் வந்த சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலேயே வீட்டைக் கைப்பற்ற முடியும். வீடு சித்தப்பாவுக்கும் சொந்தம் என்பதால் அவர் கையெழுத்தில்லாமல் அடமானம் நடக்காது. கையெழுத்துப் போட்டால் அவர் பிள்ளைகளின் வீடும் சேர்ந்து போகும். இன்னொன்று, உங்கள் தறி குழித்தறி. தரையைத் தோண்டி, அந்த வீட்டோடு சேர்த்துப் போட்ட தறி. வீடு போனால் அதைத் தூக்கிக்கொண்டு வாடகை வீட்டுக்குப் போக முடியாது. அப்பாவின் தொழிலும் அன்றோடு முடிந்துவிடும்.

வெளிநாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிட்டனின் ஒரு வருட முதுகலை இந்தியாவில் செல்லாது என்று உங்கள் சித்தப்பா சொன்னாராம். அதுவும் சரியில்லை. 2022 ஜூலையில் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டில் அந்தப் பட்டங்களுக்கும் அங்கீகாரம் உண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் போல முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகை கிடைத்தால் சந்தோஷமாகப் போய்வாருங்கள். படித்துவிட்டு இரண்டு வருடமாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஊர் திரும்பத்தான் போகிறேன் என்று எழுதியிருக்கும் உங்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் கலைப் பள்ளிகளில் ஜெர்மன் மொழி வேண்டும், செலவுக்கென்று வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்குக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிந்த வங்கிக் கணக்கில், காட்டவும் வேண்டும். சொந்த வீட்டைப் பணயம் வைத்துப் போவது மட்டும் வேண்டாம்.

இந்தியாவில் படித்தாலும் செலவு உண்டுதான், ஆனால் அந்த 42 லட்சத்தில் ஒரு பகுதியில் முடிந்துவிடும். கணக்குப் போடும்போது இரண்டரை வருடம் உங்கள் சம்பளம் நின்றுபோவதையும் சேருங்கள், அதுவே 5,40,000 ரூபாய். யாரும் இதைச் சேர்ப்பதில்லை. பிறகு வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் இடிக்கும். கைத்தறி நெசவாளர்களின் பிள்ளைகள் அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் படித்தால், மத்திய அரசின் தேசிய கைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. அப்பாவின் நெசவாளர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலேயே இருக்கும் நெசவாளர் சேவை மையத்துக்குப் போய், நீங்கள் குறிவைக்கும் கல்லூரி அதில் வருகிறதா என்று கேளுங்கள். கல்விக் கடனுக்கு பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தையும் பாருங்கள். அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேருபவர்களுக்கு அடமானம் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் 3 சதவீதச் சலுகையும் உண்டு.

"காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை"

நெய்த புடவையெல்லாம் முதலாளிக்கும் சங்கத்துக்கும் போய்விட்டது, போர்ட்ஃபோலியோவில், அதாவது விண்ணப்பத்தோடு காட்டும் வேலைத் தொகுப்பில், வைக்க ஒன்றுமில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போன புடவையை விடுங்கள். கெட்டுப்போன முந்தி வீட்டில் இருக்கும், இல்லையா? பெட்னி சரியாக விழாமல் வெட்டி எடுத்த துண்டு, சாயம் இறங்கிய மாதிரி, அடித்துத் திருத்திய கிராஃப் தாள், டிசைனுக்காகத் துளையிட்ட பழைய ஜக்கார்டு அட்டை, எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். கோர்வையின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுக்காமல் பின்பக்கத்தையும் எடுங்கள், அங்கேதான் வேலை தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி: என்ன செய்ய நினைத்தேன், என்ன ஆனது. தேர்வாளர்கள் அழகான புடவைப் படங்களை ஆயிரம் பார்த்திருப்பார்கள். தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்துவைத்திருப்பவரைத்தான் தேடுகிறார்கள்.

கம்பெனிக்காகப் போட்ட கிராஃபை மட்டும் கேட்காமல் வைக்காதீர்கள், அது அவர்களுடைய சொத்து. ஓவியம் வராது என்ற கவலையும் வேண்டாம். தினமும் அரை மணி நேரம் தறியை, கையை, அம்மா ஊடை நூலைத் தாராகச் சுற்றுவதை வரைந்து பழகுங்கள். ஆறு மாதத்தில் தேர்வுக்குப் போதுமான கை வந்துவிடும்.

தாத்தாவின் டிசைன் யாருக்குச் சொந்தம்?

இதில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில், புதிதாகவும் ஏற்கெனவே வெளியில் வராததாகவும் இருக்கும் வடிவத்தைத்தான் பதிவு செய்ய முடியும். மயில்கண், ருத்ராட்சம், கோபுர ரேக்கு எல்லாம் பல தலைமுறையாக எல்லோர் தறியிலும் இருப்பவை. தாத்தா நெய்தார் என்பதற்காக அவை உங்கள் பெயருக்கு வராது. வரவும் கூடாது என்பது என் கருத்து. பக்கத்து வீட்டுத் தாத்தாவும் அதையேதான் நெய்தார். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005லிருந்து இருக்கிறது. அது அங்கே நெய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான உரிமை. அதில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராக அப்பா தன் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

நீங்களே புதிதாக உருவாக்கும் வடிவம் வேறு. அதைப் பதிவு செய்யலாம், முதலில் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் படிப்பின் கடைசியில் நடக்கும் கண்காட்சியில் மாட்டுவதற்கும் போனில் படம் போட்டுப் பகிர்வதற்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வெளியில் வந்துவிட்டால் அதன் புதுமை போய்விட்டதாக ஆகிவிடும். சேரும்போதே, மாணவர் செய்த வேலை யாருக்குச் சொந்தம் என்று கல்லூரியின் விதியையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்புறம், நீங்கள் ஆய்வில் பயன்படுத்தும் அறிவில் பாதி அப்பா, அம்மாவுடையது. அறிக்கையில் அவர்கள் பெயர் நன்றியுரையில் மட்டும் வந்தால் போதாது. கோர்வையை ஒரே ஆள் நெய்யும் வழி ஒன்றை மூன்று பேரும் சேர்ந்து கண்டுபிடித்தால், மூன்று பேரும் சேர்ந்து கண்டுபிடித்ததாகத்தான் எழுத வேண்டும்.

வேலை வாய்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய சம்பளத்தை எதிர்பார்த்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். ஜவுளி நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவு, கைவினை அமைப்புகள், கல்லூரி ஆசிரியர் வேலை, சொந்தத் தறியில் சொந்த வேலை, இந்த நான்கில் இரண்டைச் சேர்த்துச் செய்பவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம். முதல் இரண்டு மூன்று வருடம் இழுபறியாகத்தான் இருக்கும்.

அதனால் என் யோசனை, வேலையை விடாமல் வரும் ஒரு வருடத்தைத் தயாரிப்புக்கு வையுங்கள். என்ஐடி, ஐஐசிடி, நிஃப்ட் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். ஓபிசி சான்றிதழையும் சேவை மையத்தையும் இந்த மாதமே பாருங்கள். அப்பாவிடம் "படிக்கப் போகட்டுமா?" என்று இப்போதைக்குக் கேட்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு ஆளில்லாமல், தனியாக நான்கு அங்குலம் கோர்வை நெய்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அவர் கை எங்கே நிற்கிறது, எத்தனை தடவை எழுந்திருக்கிறார், எந்த இடத்தில் "ச்சே" என்கிறார் என்று எழுதுங்கள். அம்மாவையும் உட்காரவைத்து, நாடா போடும்போது தோள் எந்த அசைவில் வலிக்கிறது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பிறகு நீங்கள் ஒரு நான்கு அங்குலம் தனியாக நெய்து பாருங்கள்.

அந்த நோட்டின் முதல் பத்துப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். தமிழிலேயே இருக்கட்டும். விண்ணப்பத்துக்கான கட்டுரையை அதிலிருந்து எப்படி எடுப்பது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.